சிவப்பு மூடியும் கறுப்பு ஆயிலும்

கார் ஆசை பிடித்த இளைஞர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். வேகமாகப் போவதற்காகச் செலவு செய்கிறவர்கள் ஒரு ரகம். அப்படிச் செலவு செய்துவிட்டதால் பெட்ரோல் போடக் காசில்லாமல் மெதுவாகப் போகிறவர்கள் இன்னொரு ரகம். நிற்பதற்காகச் செலவு செய்கிற ஆசாமி அபூர்வம்.

அப்படியே செலவு செய்தாலும் எதற்குச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜி.பி. ரோட்டில் ஒரு சமாசாரம் விற்கிறது. சிவப்பு கலர் பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர். சக்கரத்துக்குள்ளே இருக்கிற காலிப்பர் மேல் இதை ஒட்டிவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் கார் ரேஸ் கார் மாதிரித் தெரியும். மீசையை ஒட்டிக்கொண்டு போலீஸ் வேலைக்குப் போவதற்குச் சமம். மீசையாவது சும்மா இருக்கும். இந்த மூடி, காலிப்பர் வெளியே தள்ள வேண்டிய சூட்டை உள்ளேயே பொத்தி வைக்கிறது. காசும் கொடுத்துக் கெடுதலும் வாங்குவது என்றால் இதுதான்.

அடியேன் பி.காம். இன்ஜினீயர் இல்லை. ஆனால் பிரேக் விஷயம் பாதிக்கு மேல் கணக்கு விஷயம். எந்தச் செலவை முதலில் எழுதுவது, எதைத் தள்ளிப் போடுவது, எது வெறும் ஜம்பம் என்பதைப் பிரித்துவிட்டால் போதும். மிச்சத்தை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன வருஷம் செகண்ட் ஹாண்டில் ஒரு போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வாங்கினார். தெரியாதவர்களுக்கு: இது 2013-ல் இந்தியாவுக்கு வந்த கார். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரை சக்தி, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2022-ல் போலோவையே இங்கே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் பழைய காருக்கு மவுசு கூடிவிட்டது. நம் ஊர் வழக்கம்தானே, இருக்கும்வரை யாரும் சீந்துவதில்லை.

தம்பி வாங்கிய கையோடு இன்ஜினின் கம்ப்யூட்டரைத் திருத்தி இன்னும் இருபது சொச்சம் குதிரைகளை உள்ளே கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் மடக்கினார்.

"சார், பிரேக் பத்தலை. ஆறு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க், முழு கிட்டா போட்டுடலாம்னு இருக்கேன். லட்சத்துக்கு மேல ஆகும். பர்சனல் லோன் கேட்டிருக்கேன்."

"பத்தலைன்னா எப்படிப் பத்தலை?"

"எப்படின்னா... ஒரு ஃபீலிங் சார்."

ஃபீலிங்குக்கு வட்டி கட்டத் தயாராக இருக்கிறார். சரி, அடுத்த மாதம் என்ன பிளான் என்று விசாரித்தால் சம்சாரம், இரண்டு வயதுக் குழந்தையோடு கொல்லிமலையாம். 70 கொண்டை ஊசி வளைவு. எனக்கு அப்போதுதான் வயிற்றில் கொஞ்சம் புளி கரைந்தது.

பிரேக் பத்தவில்லை என்பதில் மூன்று வகை உண்டு. டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் எப்படி? எங்கே வலி என்று சொல்ல வேண்டும் அல்லவா?

முதல் வகை. பலமாக மிதிக்கிறீர்கள், பெடல் காலடியில் தடதடவென்று துடிக்கிறது, கார் இன்னும் கொஞ்சம் தூரம் போய்த்தான் நிற்கிறது. துடிப்பது ஏ.பி.எஸ். அதற்கு என்ன அர்த்தம்? உங்கள் பிரேக்குக்குச் சக்கரத்தையே பூட்டிப்போடும் பலம் இருக்கிறது, டயருக்குத்தான் ரோட்டைப் பிடிக்கும் பலம் இல்லை. காரைத் தரையோடு இணைப்பது ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த ரப்பர் ஆறு வருஷத்துக்குக் காய்ந்து மொட்டையாகியிருந்தால், ஆறு பிஸ்டன் இல்லை, அறுபது பிஸ்டன் போட்டாலும் ஓர் அடிகூட முன்னதாக நிற்காது. இந்த ஆசாமி வாங்க வேண்டியது நல்ல டயர்.

இரண்டாம் வகை. முதல் தடவை நன்றாக நிற்கிறது. ஐந்தாவது தடவை பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் கேட்க மாட்டேன் என்கிறது. பிரேக் பேட் தன்னால் தாங்க முடிகிற சூட்டைத் தாண்டிவிட்டது. அதில் இருக்கும் பிசின் கருகி, உராய்வு குறைந்துபோகிறது. கருகல் வாசனையும் வரும்.

மூன்றாம் வகைதான் எமன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. தரை தட்டுகிறது. உள்ளே பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் உங்கள் காலின் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி. ஆவியை அமுக்கலாம். நீங்கள் குமிழியை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகக்கூடி, பிரேக்கின் எதிரி வேகம் இல்லை, சூடு. கார் ஓடும்போது அதில் இருக்கும் சக்தி எங்கேயும் காணாமல் போவதில்லை, பிரேக் அதை அப்படியே சூடாக மாற்றுகிறது. 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் இருந்து ஒரு தரம் நின்றால் வருகிற சூடு, சாதாரணத் தண்ணீர் ஒன்றரை லிட்டரைத் தாராளமாகக் கொதிக்க வைக்கும். காபி போட கேஸ் அடுப்பில் எத்தனை நிமிஷம் ஆகிறது? இங்கே மூன்று நான்கு விநாடி. வேகத்தை 100-லிருந்து 120 ஆக்கினால் இருபது சதவிகிதம்தானே என்று நினைக்காதீர்கள். சூடு 44 சதவிகிதம் கூடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நாலு மடங்கு. கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு போட மாட்டான்.

மலை இறக்கம் இன்னும் மோசம். அதே கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது. பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கினால் வருகிற மொத்தச் சூட்டில் நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் கொதிக்கும். கல்யாண வீட்டு அண்டா! இதில் வேடிக்கை, நீங்கள் வேகமாகவே போயிருக்க மாட்டீர்கள். முப்பது, நாற்பதில் குடும்பத்தோடு பாட்டுக் கேட்டபடி, பிரேக்கில் காலை வைத்த கால் எடுக்காமல் வந்திருப்பீர்கள். அதனால்தான் மலையில் கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் ரேஸ் விடுகிறவர்கள் இல்லை, சாதுக்கள்.

டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியதே இந்தச் சூட்டு விஷயத்தில்தான். 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஜாகுவார் கம்பெனி டன்லப் செய்த டிஸ்க் பிரேக்கைப் போட்டு சி-டைப் கார்களை இறக்கியது. எதிராளிகள் எல்லாம் டிரம். முதல் இடம், இரண்டாவது இடம், நாலாவது இடம் மூன்றும் ஜாகுவாருக்கு. ஜெயித்த காரின் சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கிற போட்டி என்றால் டிரம்மும் சளைத்ததில்லை. அந்த நேர்ச்சாலையின் முடிவில், ராத்திரி பூரா, ஒவ்வொரு சுற்றிலும் முதல் சுற்றில் நின்ற மாதிரியே டிஸ்க் நின்றது. காற்றில் திறந்து கிடப்பதால் சூடு சீக்கிரம் கழன்றது. விஷயம் அவ்வளவுதான்.

இப்போது தம்பியின் பட்ஜெட்டுக்கு வருவோம்.

லோனை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி அம்பத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். பிரேக் பார்க்க இதைவிட நல்ல ஊர் ஏது? பக்கத்தில் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது. ரானே பிரேக் லைனிங் 1964-ல் ஆரம்பித்தது. நாடு பூராவும் ஓடுகிற வண்டிகளை நிறுத்துவதற்கு இங்கிருந்துதான் சாமான் போகிறது, நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு சிவப்பு மூடி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மெக்கானிக் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் நிப்பிளில் டியூபைச் சொருகி, பெடலை மிதிக்கச் சொன்னார். பாட்டிலில் விழுந்தது இரண்டாம் டிகாக்ஷன். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நிறத்தில் இருக்கும்.

"இத மாத்தி எத்தன வருசமாச்சு தம்பி?"

தம்பி சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். பழைய ஓனர் இன்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறார், ஏ.சி. பார்த்திருக்கிறார், சீட் கவர் போட்டிருக்கிறார். பிரேக் ஆயில் என்ற வார்த்தையே புத்தகத்தில் இல்லை.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருந்தால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 இன்னும் கீழே: 205, 140. டாட் 5.1 என்பது 260, 180. மறுபடி சொல்கிறேன், 5.1. வெறும் டாட் 5 என்பது சிலிக்கான் சமாசாரம், இதோடு கலக்கக் கூடாது, நம் காருக்கு வேண்டாம். கடைக்காரர் "புள்ளிதானே சார் வித்தியாசம்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. உள்ள காருக்கு எந்த வகை என்பது மானுவலில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆயிலுக்கு சில நூறு ரூபாய், ஏர் எடுக்கக் கூலி சில நூறு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. லட்ச ரூபாய் கிட் போட்டுவிட்டு உள்ளே இந்த டிகாக்ஷனே இருந்தால் பெடல் தரை தட்டத்தான் செய்யும், பளபளப்பான கிட்டோடு தட்டும். ஆக கணக்குப் புத்தகத்தில் முதல் வரி இது.

இரண்டாவது வரி இன்னும் மலிவு. காலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின் இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிப்போனால் ஒரு பக்க பேட்தான் வேலை செய்யும், இன்னொன்று ஆபீஸில் சில பேர் மாதிரி உட்கார்ந்து சம்பளம் வாங்கும். தம்பி காரில் இடது பக்கம் அப்படித்தான். உள்பக்க பேட் தேய்ந்து காகிதமாகியிருந்தது, வெளிப்பக்கம் பாதிகூடத் தேயவில்லை. சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கும் கிரீஸ் போட்டார் அண்ணாச்சி. சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். பின்னால் டிரம்மைத் திறந்து தூசி துடைத்து, லைனர் பார்த்து, அட்ஜஸ்ட்மெண்டையும் சரிசெய்தார். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தார். இதையெல்லாம் அப்கிரேடு என்று யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

அடுத்தது பேட். பிரேக் விஷயத்தில் போட்ட காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுப்பது இதுதான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ரேஸ் பேட்' என்று கேட்டு வாங்குகிறார்கள். ரேஸ் பேட்டுக்குச் சூடானால்தான் பிடி. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 3.7 கிலோமீட்டர் சுற்றை நாலு தரம் சுற்றிய பிறகு அது அற்புதம். காலை எட்டரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, தெரு முனையில் மாடு குறுக்கே வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். மாட்டுக்கு உங்கள் பேட்டின் வெப்பநிலை தெரியாது. அதோடு கீச்சென்று சத்தம், சக்கரம் பூராக் கரி, டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். ஆபீஸ், மலை, எப்போதாவது ஒரு நெடுஞ்சாலை என்று போகிறவருக்கு நல்ல கம்பெனியின் ரோடு பேட், அதிலும் கொஞ்சம் சூடு தாங்குகிற ரகம் போதும். சில ஆயிரம் ஆகும். பில்லோடு வாங்குங்கள். டூப்ளிகேட் சட்டை போட்டால் சாயம் போகும், டூப்ளிகேட் பேட் போட்டால் போவது வேறு.

டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று ஓரத்தில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மாற்றினாலும் சாதா டிஸ்க் போதும். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. கடுமையாகச் சூடானால் அந்த ஓட்டைகளின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பும்.

தம்பிக்கு அடுத்த ஆசை பின்னால் டிஸ்க் போடுவது. "டிரம்னா அசிங்கமா இருக்கு சார்." பலமாகப் பிரேக் போடும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது. முக்கால்வாசி வேலையை முன் சக்கரமே செய்கிறது. பின்னால் டிஸ்க் போட ஹப், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் மாற்றி, முன்னும் பின்னும் கம்பெனி கணக்குப் போட்டு வைத்த சமநிலையைக் கலைத்து, ஈ.எஸ்.பி.யையும் குழப்பி... எதற்கு? மிச்சமுள்ள கால்வாசி வேலைக்கு. நிறுத்தும் தூரம் இதனால் குறைந்தது என்று காட்டுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெரிய டிஸ்க்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர், நல்ல ஆயில், நல்ல பேட் போட்டும் சூடு தாங்கவில்லை என்றால் அவருக்கு அது தேவை. அங்கேயும் சிக்கன வழி இருக்கிறது. நாலாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ. வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் செய்தது: 288 மில்லிமீட்டர் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதே குடும்பத்து ஆடி டி.டி.யின் 312 மில்லிமீட்டர் டிஸ்க்கும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் மட்டும் வாங்கிப் போட்டார்கள். காலிப்பர் பழசுதான். பிஸ்டன் மாறாததால் பெடல் தூரமும் மாறவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது மாதிரி. ஆனால் 16 அங்குல வீலாவது இருந்தால்தான் அது உள்ளே அடங்கும். இந்த இடத்தில்தான் பட்ஜெட் பல்லிளிக்கும். டிஸ்க் பெரிதானால் வீல் பெரிது, வீல் பெரிதானால் டயர் புதிது. கிட் விலையை மட்டும் கேட்டுவிட்டு லோன் போடுகிறவர்கள் இந்த மூன்றாவது வரியை எழுத மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வரியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தேய்ந்த பேட்டுக்குப் பதில் பேட் போடுவது பராமரிப்பு. காலிப்பர், டிஸ்க் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு வேறு போடுவது வேறு கதை. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்துவிட்டு, அப்புறம் கிளெய்ம் என்று போய் நின்றால் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

தம்பி பேட், ஆயில், நாலு டயரோடு நிறுத்திக்கொண்டார். லோன் மனுவை வாபஸ் வாங்கினார். கொல்லிமலை போய் வந்தார். இறங்கும்போது கியரை டி-யில் விடாமல் மானுவலுக்குத் தள்ளி, இரண்டாவது கியரிலேயே பிடித்து வந்திருக்கிறார். இன்ஜின் உறுமுகிறதே என்று சம்சாரம் பயந்தாராம். உறுமட்டும். அண்டாத் தண்ணீரில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது, அதற்குப் பத்துப் பைசா செலவில்லை. வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு காலை எடுத்துவிட வேண்டும். செருப்பைத் தேய்ப்பது மாதிரி வழியெல்லாம் தேய்த்துக்கொண்டு வரக் கூடாது. "எழுபதாவது வளைவிலயும் பெடல் முதல் வளைவு மாதிரியே இருந்துச்சு சார்" என்றார். குழந்தை முதல் வளைவிலேயே தூங்கிவிட்டதாம்.

கடைசியாக, புது பேட் போட்டவர்களுக்கு ஒன்று. போட்ட அன்றே அது முழு பலத்தோடு பிடிக்காது, பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பின்னால் யாரும் வராத நல்ல ரோட்டில் 60-லிருந்து 15-க்கு அழுத்தமாகக் குறையுங்கள். முழுசாக நிறுத்தக் கூடாது. மறுபடி 60, மறுபடி 15. இப்படி எட்டுப் பத்து தடவை. கொஞ்சம் கருகல் நாற்றம் வரும், பதறாதீர்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லி ஒரு சீட்டு வைத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சூடாக நிறுத்தி பெடலை அமுக்கிக்கொண்டே இருந்தால் பேட்டின் சதை டிஸ்க்கில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஸ்டீயரிங் உதறும், 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்று ஒருவர் பில் நீட்டுவார். முக்கியமாக, வழியில் டீக்கடை வாசலில் நிறுத்தி, அந்தப் பையன் ஆசையாக வாளித் தண்ணீரோடு ஓடி வந்தால் சக்கரத்தைக் கழுவ விடாதீர்கள். கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.